பயன்படுத்திய விமான ஹெட்செட் வணிகம்

பயன்படுத்திய விமான ஹெட்செட் வணிகம் என்பது, விமானிகள் சில காலம் பயன்படுத்திய இரைச்சல் நீக்கும் ஹெட்செட்டுகளைப் பிற விமானிகளுக்கு விற்பதையும், அவற்றை அவர்கள் வாங்குவதையும் குறிக்கும். தனியார் சிறு விமானங்களை ஓட்டும் வழக்கம் பரவலாக உள்ள ஐக்கிய அமெரிக்காவில் இவ்வணிகம் பெருமளவில் நடைபெறுகின்றது. உயர்தரமான புதிய கருவி ஒன்றின் விலை அங்கே 1,000 டாலரையும் தாண்டும். பறக்கக் கற்கும் மாணவர்களுக்கு இது பெருந்தொகை ஆதலால், பலர் பயன்படுத்திய கருவிகளை நாடுகின்றனர். எனினும் விமான ஹெட்செட் வெறும் பாட்டுக் கேட்கும் கருவி அன்று. அது விமானியின் செவியைக் காப்பது. கட்டுப்பாட்டுக் கோபுரத்துடன் அவரை இணைப்பதும் அதுவே. எனவே பழைய கருவியை வாங்குவோர் அது இயங்கும் முறையையும், பழுதடையும் வழிகளையும் அறிந்திருத்தல் நன்று.

தேவை

ஒற்றைப் பொறி கொண்ட சிறு விமானத்தின் அறைக்குள் ஒலி அளவு பெரும்பாலும் 85 முதல் 100 டெசிபெல் வரை இருக்கும். அமெரிக்காவின் தேசியப் பணிசார் பாதுகாப்பு மற்றும் உடல்நல நிறுவனத்தின் பரிந்துரைப்படி, 85 டெசிபெல் இரைச்சலில் ஒருவர் நாளொன்றுக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதன்பின் ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் இந்நேரம் பாதியாகக் குறைகின்றது. 88 டெசிபெல்லுக்கு 4 மணி நேரம், 91-க்கு 2 மணி நேரம், 94-க்கு 1 மணி நேரம் என இது அமையும். ஆகவே காதுக்குப் பாதுகாப்பு ஏதுமின்றி மேற்கொள்ளும் ஒரு மணி நேரப் பயிற்சிப் பறப்பே இவ்வெல்லையைத் தொட்டுவிடக்கூடும்.

உட்செவியில் ஒலியை உணரும் மயிர்க்கலங்கள் மனிதரில் ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. இழப்பு வலியின்றி, ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக ஏற்படுவதால், விமானி அதை உணரும்போது காலம் கடந்திருக்கும்.

இயங்கும் முறை

விமான ஹெட்செட் இரு வழிகளில் இரைச்சலைக் குறைக்கின்றது. முதலாவது, காதுமூடியும் அதன் விளிம்பிலுள்ள மெத்தையும் காதைச் சுற்றி இறுக அடைத்து ஒலியைத் தடுப்பதாகும். இது முனைப்பற்ற தடுப்பு எனப்படும். உயர் அதிர்வெண் ஒலிகளை இது நன்கு தடுக்கும். தாழ் அதிர்வெண் ஒலிகளைத் தடுப்பதில் வலுக் குறைந்தது.

சிறு விமானங்களில் மிகுந்திருப்பதோ தாழ் அதிர்வெண் ஒலியே. நிமிடத்துக்கு 2,400 முறை சுழலும் பொறி, நொடிக்கு 40 முறை சுழல்கின்றது. புரொப்பெல்லருக்கு இரண்டு இதழ்கள் எனில், நொடிக்கு 80 இதழ்கள் கடந்து செல்லும். நான்கு உருளைகள் கொண்ட நான்கடிப்புப் பொறியிலும் ஒரு சுழற்சிக்கு இரண்டு எரிவெடிப்புகள் வீதம் நொடிக்கு 80 நிகழும். இவ்விரண்டும் சேர்ந்து 80 ஹெர்ட்ஸ் அளவில் கனத்த முழக்கத்தை உண்டாக்குகின்றன.

இதனை எதிர்கொள்வது இரண்டாவது வழியான முனைப்பான இரைச்சல் நீக்கம் ஆகும். காதுமூடிக்குள் உள்ள சிறிய ஒலிவாங்கி அங்கு எட்டும் இரைச்சலை உணர்கின்றது. மின்சுற்று அதற்கு நேரெதிரான அலையை உருவாக்கி, ஒலிப்பான் வழியே வெளியிடுகின்றது. ஒன்றின் முகடும் மற்றதன் அகடும் சந்திக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று அழிக்கின்றன. இம்முறையால் தாழ் அதிர்வெண்களில் ஏறத்தாழ 10 முதல் 20 டெசிபெல் வரை கூடுதல் குறைப்புக் கிடைக்கும்.

இம்முறை ஏன் உயர் அதிர்வெண்களுக்குப் பயன்படுவதில்லை என்பதை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். 80 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்றுக்கு 12.5 மில்லிநொடி ஆகும். எதிரலை 0.1 மில்லிநொடி பிந்தி வந்தாலும் பிழை 3 பாகைக்குள் அடங்கும். 2,000 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்றோ 0.5 மில்லிநொடிதான். அங்கே அதே தாமதம் 72 பாகைப் பிழையாகிவிடும். பிழை 60 பாகையைத் தாண்டினால் எதிரலை இரைச்சலைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிடும். எனவேதான் உயர் அதிர்வெண்களுக்கு மெத்தையின் அடைப்பும், தாழ் அதிர்வெண்களுக்கு மின்சுற்றும் என வேலை பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளது. மெத்தை கிழிந்த கருவியில் மின்சுற்று நன்றாக இருந்தும் பயனில்லை என்பது இதிலிருந்து பெறப்படும்.

வரலாறு

எதிரலையால் ஒலியை அழிக்கும் கருத்துக்கு ஜெர்மானியரான பவுல் லூக் 1936 ஆம் ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அக்காலத்து மின்னணுவியல் அதனை நடைமுறைப்படுத்தப் போதுமானதாக இல்லை. 1950களில் லாரன்ஸ் ஃபோகெல் விமான அறைகளில் இரைச்சலைக் குறைக்கும் அமைப்புகளுக்குக் காப்புரிமைகள் பெற்றார்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியரும், போஸ் நிறுவனத்தை நிறுவியவருமான அமர் போஸ், 1978 ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலிருந்து திரும்பிய விமானப் பயணத்தின்போது, இரைச்சலால் இசையைக் கேட்க இயலாததைக் கண்டு இவ்வாய்வில் இறங்கினார். 1986 டிசம்பரில் டிக் ரூட்டன், ஜீனா யேகர் ஆகிய இருவரும் வாயேஜர் என்னும் விமானத்தில், இடையில் எரிபொருள் நிரப்பாமல் ஒன்பது நாட்களில் உலகைச் சுற்றி வந்தனர். அவர்கள் போஸ் நிறுவனத்தின் மாதிரி ஹெட்செட்டுகளை உடன் கொண்டு சென்றனர். 1989 இல் அந்நிறுவனத்தின் விமான ஹெட்செட் விற்பனைக்கு வந்தது. ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனமும் 1980களில் லுஃப்தான்சா விமானிகளுக்காக இத்தகைய கருவிகளை உருவாக்கியது.

பின்னர் லைட்ஸ்பீட், டேவிட் கிளார்க் முதலிய நிறுவனங்களும் இத்துறையில் இடம்பெற்றன. போஸ் நிறுவனத்தின் ஏ20 என்னும் வகை 2010 இலும், ஏ30 வகை 2023 இலும் வெளிவந்தன. புதிய வகை வெளிவரும்போதெல்லாம் பழைய வகையை வைத்திருப்போர் சிலர் அதனை விற்க முன்வருவதால், பயன்படுத்திய கருவிகளின் வரத்துக் கூடுகின்றது.

விற்போரும் விற்பனை இடங்களும்

விற்பவர்களைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

* பயிற்சியை இடையில் கைவிட்ட மாணவர்கள். இவர்களிடம் உள்ள கருவிகள் பெரும்பாலும் சில மணி நேரமே பயன்பட்டவையாக இருக்கும்.
* புதிய வகைக்கு மாறும் விமானிகள்.
* வயது, உடல்நலம் ஆகிய காரணங்களால் பறப்பதை நிறுத்தியவர்களும், மறைந்த விமானிகளின் குடும்பத்தினரும். குடும்பத்தினர் கருவியின் வகையையும் வரலாற்றையும் அறியாதிருத்தல் இயல்பு.
* பழைய கருவிகளைப் பெற்றுச் சீர்செய்து விற்கும் வணிகர்கள்.

விமானநிலையங்களின் அறிவிப்புப் பலகைகள், பறத்தல் கழகங்கள், இணைய ஏலத் தளங்கள் ஆகியவற்றின் வழியே விற்பனை நடைபெறுகின்றது. 1937 முதல் மஞ்சள் தாளில் அச்சாகிப் புகழ்பெற்ற டிரேட்-ஏ-பிளேன் என்னும் விளம்பர இதழ், பழைய விமானங்களையும் அவற்றுக்குரிய கருவிகளையும் விற்க அமெரிக்க விமானிகள் நாடிவந்த ஒன்றாகும்.

வாங்குமுன் நோக்க வேண்டியவை

செருகி

வெவ்வேறு விமானங்களில் வெவ்வேறு செருகிகள் பயன்படுகின்றன. சிறு விமானங்களில் இரட்டைச் செருகி வழக்கமாகும். இவற்றுள் கேட்பதற்குரியது 6.35 மில்லிமீட்டரும், ஒலிவாங்கிக்குரியது அதனினும் சற்று மெலிந்து ஏறத்தாழ 5.2 மில்லிமீட்டரும் விட்டமுடையவை. ஹெலிகாப்டர்களில் யு-174 எனப்படும் ஒற்றைச் செருகி பயன்படுகின்றது. சில விமானங்களில் உள்ள ஆறு முனைச் செருகி, மின்சாரத்தையும் விமானத்திலிருந்தே வழங்குகின்றது. இத்தகைய கருவிகள் சிலவற்றில் மின்கலப் பெட்டியே இருப்பதில்லை என்பதால், வேறு விமானத்தில் அவற்றின் இரைச்சல் நீக்கம் இயங்காது.

படைத்துறையிலிருந்து கழிக்கப்பட்ட ஹெட்செட்டுகளில் தனிக் கவனம் தேவை. அவற்றின் செருகி குடிசார் ஹெலிகாப்டர்களின் செருகியைப் போலவே இருக்கும். ஆனால் மின்மறுப்பு வேறுபடும். அமெரிக்கப் படைத்துறை ஒலிவாங்கிகள் பல 5 ஓம் அளவினவாக உள்ளன. இவற்றைக் குடிசார் வானொலியில் பொருத்தினால் செருகி பொருந்தும், குரல் செல்லாது.

மெத்தையும் வடமும்

காது மெத்தை, தலைப்பட்டை மெத்தை, ஒலிவாங்கியின் பஞ்சுறை ஆகியன தேய்ந்து போகும் பாகங்கள். இவற்றை எளிதில் மாற்றலாம். உடல்நலம் கருதி, பிறர் பயன்படுத்திய கருவியில் இவற்றைப் புதிதாக மாற்றிக்கொள்வதே முறையாகும். வடம் பெரும்பாலும் காதுமூடியையும் செருகியையும் சேரும் இடங்களில் உட்புறமாக அறுபடும். கருவி இயங்கும்போது அவ்விடங்களை மெல்ல வளைத்துப் பார்த்தால், கரகரப்பும் ஒலி விட்டுவிட்டு வருவதும் அதனைக் காட்டிக்கொடுக்கும்.

மின்கலப் பெட்டி

பல கருவிகள் இரண்டு ஏஏ மின்கலங்களால் இயங்குகின்றன. மின்கலங்களை உள்ளேயே விட்டுப் பல மாதங்கள் வைத்திருந்தால் அவை கசிந்து தொடுமுனைகளை அரிக்கும். பறப்பதை நிறுத்தியவர்களின் கருவிகளில் இப்பழுது எதிர்பார்க்கத்தக்கது. பெட்டியைத் திறந்து, பச்சை அல்லது வெண்மைப் படிவு உள்ளதா எனப் பார்த்தல் வேண்டும்.

இயக்கிப் பார்த்தல்

அமைதியான அறையில் சோதிப்பது போதாது. அங்கே நீக்குவதற்கு இரைச்சலே இல்லை. பொறி இயங்கும் விமானத்தில் அமர்ந்து பின்வருமாறு சோதித்தல் சிறந்தது.

* இரைச்சல் நீக்கத்தை முதலில் நிறுத்தி, பின் இயக்க வேண்டும். முழக்கம் இரு காதுகளிலும் ஒரே அளவில் தணிய வேண்டும்.
* தாடையை அசைத்தும் தலையைத் திருப்பியும் பார்க்க வேண்டும். அப்போது வெடிப்பொலியோ சீழ்க்கை ஒலியோ கேட்டால் மெத்தை சரியாக அடைக்கவில்லை, அல்லது மின்சுற்றில் பழுதுள்ளது எனலாம்.
* மூக்குக்கண்ணாடி அணிபவர் அதனை அணிந்தே சோதிக்க வேண்டும். கண்ணாடியின் கம்பி மெத்தைக்கும் தலைக்கும் இடையே இடைவெளியை உண்டாக்கும்.
* ஒலிவாங்கியை உதட்டுக்கு மிக அருகில் வைத்துப் பேசி, தன் குரல் தெளிவாகக் கேட்கின்றதா எனக் கவனிக்க வேண்டும். மற்றொருவரிடமும் கேட்டறிதல் நன்று.
* மின்கலத்தை நீக்கிய பின்னும் பேச்சும் கேட்பும் தொடர்கின்றனவா எனப் பார்க்க வேண்டும். பறப்பின் நடுவே மின்கலம் தீர்ந்தாலும் தொடர்பு அறுபடக்கூடாது.

விலையை மதிப்பிடுதல்

கருவியின் வயது, வகை, உத்தரவாதத்தில் எஞ்சிய காலம், உடனிருக்கும் துணைப்பொருட்கள் ஆகியவற்றைப் பொறுத்து விலை அமைகின்றது. உத்தரவாதம் இரண்டாவது உரிமையாளருக்கும் செல்லுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். உற்பத்தி நிறுத்தப்பட்ட வகைகளுக்குப் பாகங்கள் கிடைக்குமா என்பதையும் விசாரித்தறிய வேண்டும். கேட்கும் விலையோடு மெத்தை, பஞ்சுறை, வடம் ஆகியவற்றை மாற்றும் செலவையும் கூட்டினால், பயன்படுத்திய கருவியின் மெய்யான விலை கிடைக்கும். சில வேளைகளில் அத்தொகை, இரைச்சல் நீக்கும் மின்சுற்று இல்லாத நல்ல புதிய கருவியின் விலையைத் தாண்டிவிடும். அத்தகைய கருவியும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. எடுத்துக்காட்டாக, டேவிட் கிளார்க் நிறுவனத்தின் எச்10-13.4 வகை, மின்கலமே இன்றி 23 டெசிபெல் தடுப்புத் தரக்குறியீடு உடையது.

ஒவ்வொரு கருவிக்கும் தொடரெண் உண்டு. விமானநிலையங்களில் ஹெட்செட் திருட்டு நிகழ்வதால், வாங்குபவர் தொடரெண்ணைப் பெற்று உற்பத்தி நிறுவனத்திடம் சரிபார்த்துக்கொள்ளலாம். தொடரெண் சுரண்டப்பட்ட கருவியையும், நேரில் காட்ட மறுத்து முழுத்தொகையை முன்னதாகக் கேட்பவரையும் தவிர்த்தல் வேண்டும்.

விற்பவரின் பொறுப்பு

தெரிந்த பழுதை மறைத்து விற்பது எப்பொருளிலும் தவறே. இங்கே அதன் விளைவு பணத்தோடு முடிவதில்லை. விட்டுவிட்டு ஒலிக்கும் ஒலிவாங்கி, தனியே பறக்கும் மாணவர் ஓடுபாதையை நெருங்கும் வேளையில் செயலிழக்கக்கூடும். விற்பவர் வாங்கிய ஆண்டு, பழுது பார்த்த விவரம், மாற்றிய பாகங்கள், செருகியின் வகை ஆகியவற்றை எழுதித் தருதல் நல்ல வழக்கமாகும். தன் கைப்பேசியுடன் இணைத்திருந்த புளூடூத் இணைப்பை நீக்குவதும், மின்கலங்களை வெளியே எடுத்துப் பொதி செய்வதும் அவர் செய்யத்தக்கவை.

விதிமுறைகளும் வரம்புகளும்

ஐக்கிய அமெரிக்காவில் தன் சொந்தத் தேவைக்குச் சிறு விமானம் ஓட்டுபவர் தமக்கு விருப்பமான ஹெட்செட்டைத் தெரிவு செய்யலாம். வணிக விமான நிறுவனங்களோ தம் பணியாளர்கள் சான்று பெற்ற வகைகளையே பயன்படுத்த வேண்டும் எனக் கோரலாம். எனவே விமான நிறுவனப் பணியை நோக்கிப் பயில்பவர், சான்றில்லாத பழைய வகையை வாங்குமுன் எண்ணிப் பார்த்தல் நன்று.

இரைச்சல் நீக்கத்துக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. அமெரிக்க நடுவண் வான்பறப்பு நிர்வாகம் 2007 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிவிப்பொன்றில், இத்தகைய ஹெட்செட் அணிந்த விமானிக்குச் சில எச்சரிக்கை ஒலிகளும், விமானத்தில் எழும் பிற ஒலிகளும் கேளாமல் போகலாம் எனச் சுட்டிக்காட்டியது. பொறியின் ஒலியில் ஏற்படும் சிறு மாற்றமும் விமானிக்கு ஒரு செய்தியாகும். ஆகவே புதிதாகவோ பழையதாகவோ ஹெட்செட் வாங்கியவர், தம் விமானத்தின் வேகவீழ்ச்சி எச்சரிக்கை முதலிய ஒலிகள் அதனை அணிந்த நிலையில் கேட்கின்றனவா என்பதைப் பயிற்றுநருடன் சோதித்தறிந்த பின்னரே தனியே பறத்தல் வேண்டும்.