பாடுவோர் காதுக்கும் ஓர் ஒலிபெருக்கி

தைப்பூச மேடைக்கு ஒலிபெருக்கி உபயம் செய்ய முன்வரும் அன்பர்கள் பெரும்பாலும் சபையோரை நோக்கி வைக்கும் பெரிய பெட்டிகளையே வாங்கித் தருகின்றனர். மேடையில் தேவாரம் பாடும் பிள்ளைகளுக்கோ, சுவரில் பட்டுத் தாமதமாகத் திரும்பும் ஒலியே கேட்கிறது. அருகில் மிருதங்கம் முழங்க, தன் குரல் கேளாத பிள்ளை கத்திப் பாடும், சுருதி விலகும். 1965இல் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் சுமார் 55,000 பேர் முன் பாடிய பீட்டில்ஸ் குழுவினருக்கே ரசிகர் கூச்சலில் தங்கள் பாட்டுச் சரியாகக் கேட்கவில்லை. பாடுவோரை நோக்கிய ஒலிபெருக்கி அங்கே இல்லை.

இதற்கு மானிட்டர் என்று பெயர். (வகுப்பு மானிட்டர் அல்ல!) குரலுக்கு மட்டுமென்றால் 5 அல்லது 6 அங்குல ஒலிபெருக்கி கொண்ட சிறு பெட்டி போதும். கடையில் திரைப்பாட்டின் அதிர்வைக் கேட்டு மயங்காமல், மைக்கை இணைத்துப் பாடிப் பார்த்து வாங்குங்கள். சொல் தெளிவாக விழவேண்டும்.

பெரிய பெட்டியைவிட அருகில் வைத்த சிறு பெட்டி மேல். 2 மீட்டர் தூரத்தை 1 மீட்டராகக் குறைத்தால் ஏறக்குறைய 6 டெசிபல் கூடுதலாகக் கேட்கும். நின்று பாடுவோருக்கு மைக் கம்பத்தில் பொருத்தலாம்; அமர்ந்து பாடுவோருக்குத் தரையில் சாய்த்து வைக்கலாம்.

வைக்கும் இடத்தை மைக்கே தீர்மானிக்கிறது. 1966 முதல் விற்பனையில் உள்ள ஷூர் எஸ்எம்58 போன்ற கார்டியாய்டு வகை, பின்புற ஒலியை மிகக் குறைவாகவே வாங்கும். ஆகவே பெட்டி மைக்கின் வாலுக்கு நேர் எதிரே இருக்கட்டும். சூப்பர் கார்டியாய்டு வகைக்குச் சற்றுப் பக்கவாட்டில் வைக்கவேண்டும்; இல்லையேல் வீலென்று அலறும். மேடையில் உள்ள மைக் எவ்வகை என்று ஒலியமைப்பாளரிடம் முன்பே கேட்டறிக.

அந்தப் பெட்டியில் குரலும் சுருதியும் மட்டும் வரட்டும். மிருதங்கத்தையும் சேர்க்கச் சொல்வார்கள், இணங்க வேண்டாம்.