அறுபது விநாடி பாஸ்வேர்டு

“கிரியேட் கிளஸ்டர்?” என்று அந்தச் சின்னத் திரை கேட்கும். பக்கத்தில் நாலு திசைக்கு நாலு பொத்தான், ‘சரி’ சொல்ல இன்னொன்று. ஐபி முகவரியை அந்தப் பொத்தான்களை வைத்தே ஒவ்வோர் எண்ணாக ஏற்றி இறக்கிப் போட வேண்டும். அப்புறம் சப்நெட் மாஸ்க், அப்புறம் கேட்வே. எல்லாம் முடிந்து சம்மதம் சொன்னால் திரையில் ஒரு பாஸ்வேர்டு வரும். அறுபது விநாடி நிற்கும். பேனாவைத் தேடும் அவசரத்தில் விரல் வேறு பொத்தானில் பட்டால் அப்போதே மறைந்துவிடும். 2003-ல் ஐபிஎம் கொண்டுவந்த சான் வால்யூம் கன்ட்ரோலருக்கு, எஸ்விசிக்கு, முதன்முதலாக உயிர் கொடுத்த விதம் அது.

இங்கிலாந்தின் ஹர்ஸ்லியிலும் கலிபோர்னியாவின் ஆல்மடனிலும் உருவான கருவி. ஒரு நிறுவனம் வாங்கிக் குவித்திருக்கும் வெவ்வேறு கம்பெனி டிஸ்க் பெட்டிகளை சர்வர்களின் கண்ணுக்கு ஒரே குளமாகக் காட்டுவது இதன் வேலை. நோடு எனப்படும் பெட்டிகள் இரண்டிரண்டாக நிற்கும். ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும். அந்தக் கூட்டுக்குப் பெயர்தான் கிளஸ்டர். கூட்டு அமையாவிட்டால் லட்சக்கணக்கில் கொட்டி வாங்கியது ரேக்கில் சும்மா சூடாகிக்கொண்டிருக்கும்.

அமையாமல் போன நாட்களும் நிறைய. திரையில் “கிரியேட் ஃபெயில்டு” என்று வரும், கீழே ஓர் எண். அப்போதைய கோளாறுகளில் பாதி கையால் தொட்டுப் பார்க்கக்கூடியவை. ஜோடியிலுள்ள ஒவ்வொரு நோடுக்கும் தனி யூபிஎஸ் உண்டு. பவர் கேபிள், சிக்னல் கேபிள் இரண்டும் அதே யூபிஎஸ்ஸுக்குப் போக வேண்டும். ரேக்கின் பின்பக்க இருட்டில் சிக்னல் கேபிள் பக்கத்து யூபிஎஸ்ஸில் ஏறியிருக்கும். டார்ச் அடித்து, கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போய்க் கண்டுபிடிக்க வேண்டியதுதான்.

2010-ல் ஸ்டோர்வைஸ் வி7000 வந்தது. எஸ்விசியின் மென்பொருளையே டிஸ்க்குகளோடு ஒரே பெட்டியில் அடைத்தார்கள். பொத்தானும் திரையும் போய்விட்டன. பெட்டியோடு ஒரு பென் டிரைவ் வந்தது. அதை லேப்டாப்பில் செருகி, அதிலுள்ள புரோகிராமில் முகவரியைக் கொடுத்தால் டிரைவில் ஒரு கட்டளைக் கோப்பு உருவாகும். அதைக் கேனிஸ்டரின் (பெட்டிக்குள் செருகியிருக்கும் நோடின்) பின்புறத்தில் செருகினால் மஞ்சள் விளக்கு சிமிட்டும். சிமிட்டி ஓய்ந்ததும் பிடுங்கி லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால், நடந்தது என்னவென்று ஒரு முடிவுக் கோப்பில் எழுதியிருக்கும். கேள்வித்தாளை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே காத்திருப்பது மாதிரி. டேட்டா சென்டருக்குள் பென் டிரைவே கூடாது என்ற நிறுவனங்களில் வாசல் காவலரிடமிருந்தே பஞ்சாயத்து தொடங்கும்.

2014-ல் வந்த மாடல்களில் அதுவும் மாறியது. பின்னால் ‘டி’ என்று எழுதிய ஈதர்நெட் போர்ட், டெக்னீஷியன் போர்ட். லேப்டாப்பை நேராக அதில் மாட்டினால் பெட்டியே லேப்டாப்புக்கு ஒரு ஐபி கொடுக்கும். பிரவுசரில் அமைப்புப் பக்கம் திறக்கும். 2020-ல் ஸ்டோர்வைஸ் என்ற பெயரை விட்டு ஃபிளாஷ்சிஸ்டம் என்றாக்கினார்கள். டி போர்ட் நிலைத்துவிட்டது. ஐபி கொடுக்கும் போர்ட் என்பதால் அதை அலுவலக ஸ்விட்சில் மாட்டவே கூடாது. மாட்டினால் ஸ்விட்சில் இருக்கிற மற்ற கருவிகளும் அதனிடம் முகவரி வாங்கப் பார்க்கும்.

பக்கம் திறக்கவில்லையா? பெட்டியைச் சந்தேகிக்கும் முன் லேப்டாப்பைப் பாருங்கள். அதில் யாரோ நிலையான ஐபி போட்டு வைத்திருப்பார்கள், அல்லது அலுவலக பிராக்ஸி குறுக்கே நிற்கும். டி போர்ட்டின் முகவரி 192.168.0.1, வீட்டு ரௌட்டர்கள் பலவற்றுக்கும் அதே முகவரிதான். வைஃபையை அணைத்தாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும். பழைய பதிப்புகளில் ஆரம்ப பாஸ்வேர்டிலும் ஒரு கண்ணி உண்டு: ஆங்கிலத்தில் ‘பாஸ்வேர்ட்’ என்றே எழுதி, ‘ஓ’ இருக்க வேண்டிய இடத்தில் சுழியம். அது தெரியாமல் அடித்து, பூட்டு திறக்கவில்லை என்று போன் செய்தவர்கள் எத்தனை பேரோ. இப்போதைய மென்பொருள் முதல் நுழைவிலேயே அதை மாற்றச் சொல்கிறது.

வேலை எளிதாகிவிட்டது, மறுக்க வேண்டியதில்லை. பொத்தான் காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று யாராவது சொன்னால் அவர் அந்தப் பொத்தான்களை அழுத்தியதே இல்லை என்றுதான் நான் நினைப்பேன். ஆனால் எளிமை ஒரு கெட்ட பழக்கத்தையும் கூட்டி வந்திருக்கிறது. அன்று புதிதாகக் கிளஸ்டர் உருவாக்குவதே ஒரு பாடு. அதனால், தோற்றால் ஏன் தோற்றது என்று பார்த்தார்கள். இன்று உருவாக்குவது நாலு கிளிக். தோற்றால் அழித்துவிட்டு மறுபடி கிளிக் செய்யத்தான் கை போகிறது.

550 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று சின்னத் திரையில் வந்ததும் இன்று பிரவுசரின் சர்வீஸ் பக்கத்தில் வருவதும் அதே எண்தான், பொருளும் மாறவில்லை: கிளஸ்டர் அமையத் தேவையான துணைகள் கண்ணில் படவில்லை. வேறொரு கிளஸ்டரில் இருந்த நோடைக் கழற்றிவந்து புது ரேக்கில் வைத்தால் இது வரும். பழைய வீட்டு நினைப்பிலேயே இருக்கிறது. பழைய கூட்டாளிகளைத் தேடுகிறது. கேனிஸ்டரை வேறு சேசிஸில், அதாவது வேறு வெளிப்பெட்டியில், செருகினால் 500 வரும்: இது என் பெட்டி இல்லையே என்கிறது. சேசிஸும் தான் எந்தக் கிளஸ்டரைச் சேர்ந்தது என்பதைத் தன் நினைவில் எழுதி வைத்திருக்கும். நோடைக் கட்டாயமாக விலக்க ஒரு கட்டளை, சேசிஸின் நினைவிலுள்ள அடையாளத்தை அழிக்க இன்னொன்று. காலிப் பெட்டியென்றால் இரண்டையும் கொடுக்கலாம், சேதமில்லை.

ஓடிக்கொண்டிருந்த பெட்டி என்றால்? கூட்டாளி நோடுக்கு வெறும் ஃபைபர் கேபிள் கழன்றிருந்தாலும் இதே 550 வரலாம். பாட்டரி போதிய அளவு ஏறும்வரை நோடு கூட்டில் சேராமல் நிற்பதும் உண்டு. அது கோளாறே இல்லை, காத்திருந்தால் போதும். அவசரத்தில் அடையாளத்தை அழிப்பவர் கிளஸ்டரோடு வால்யூம்களின் கணக்கையும் அழிக்கிறார். டிஸ்க்கில் பைட்டுகள் அப்படியே கிடக்கும், எது யாருடையது என்று சொல்லத்தான் ஆளிருக்காது.

எஸ்விசியில் இன்னொரு பழைய நோயும் மாறவில்லை. இரண்டாவது நோடைச் சேர்க்கப் போனால் பட்டியலில் வராது. சான் எனப்படும் சேமிப்பக வலையின் ஸ்விட்சில் நோடுகளின் போர்ட்டுகள் ஒரே ஜோனில் இல்லாவிட்டால் ஒன்றையொன்று பார்க்க முடியாது. பட்டியலில் இல்லையே என்று அதன் டி போர்ட்டில் லேப்டாப்பை மாட்டி, ‘புதிய அமைப்பின் முதல் நோடு’ என்பதைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. ஒரே ரேக்கில் இரண்டு கிளஸ்டர் முளைத்துவிடும். ‘இருக்கும் அமைப்பில் கூடுதல் நோடு’ என்ற தேர்வு அதே பக்கத்தில், அடுத்த வரியில் இருக்கிறது.

உங்கள் கை அந்த அழிக்கும் கட்டளைக்குப் போகும் நாளில், சர்வீஸ் பக்கத்தில் பக்கத்து நோடின் நிலையை ஒருமுறை பாருங்கள். ‘ஆக்டிவ்’ என்றிருந்தால் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிடுங்கள்.