ஆர்கனா, தபேலாவா, பறையா? கத்தோலிக்க வழிபாட்டு இசையில் ரசனைகள் வேறுபடுவது ஏன்?

ஹைதராபாத்: ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வரும் இறைமக்களிடையே மறையுரையைவிட அதிகமாக விவாதிக்கப்படுவது பாடல்கள்தான். முதியவர்களுக்குப் பக்தியாகத் தோன்றும் பாடல் இளையோருக்குச் சோர்வளிக்கிறது. இளையோரின் உற்சாகப் பாடலோ முதியவர்களுக்கு இரைச்சலாகப் படுகிறது. செகந்திராபாத் கண்டோன்மென்ட்டைச் சேர்ந்த திருமுல்கேரி போன்ற பன்மொழிப் பகுதிகளில் மொழி வேறுபாடும் இதனுடன் சேர்ந்துகொள்கிறது. இந்த வேறுபாட்டின் பின்னணியையும், திருச்சபையின் விதிகளையும் விரிவாகக் காண்போம்.

படைமுகாமில் வளர்ந்த வழிபாடு

நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் 1806-இல் உருவான செகந்திராபாத்தில், பிரிட்டிஷாரின் மெட்ராஸ் படையுடன் தமிழ்க் குடும்பங்களும் குடியேறின. திருமுல்கேரியில் 1860-இல் எழுந்த ஆல் செயின்ட்ஸ் ஆலயம் ஆங்கிலிக்கப் படைவீரர்களுக்கானது. கத்தோலிக்கர்களுக்கோ 1850-இல் கட்டிமுடிக்கப்பட்ட செகந்திராபாத் புனித மரியன்னை ஆலயம் முதன்மையானதாக விளங்கியது. அது 2008-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. ஆங்கிலம், தெலுங்கு, தமிழ் பேசும் கத்தோலிக்கர்கள் இப்பகுதியில் அருகருகே வாழ்ந்து வருகின்றனர்.

1960-கள் வரை திருப்பலி லத்தீன் மொழியிலேயே நிறைவேற்றப்பட்டது. தாய்மொழிப் பாடல்கள் பெரும்பாலும் நவநாள், தேர்ப்பவனி, திருவிழா ஆகியவற்றில் ஒலித்தன. வீரமாமுனிவர், மாயூரம் வேதநாயகம் பிள்ளை போன்றோரால் தமிழ்க் கத்தோலிக்கப் பக்தி இலக்கியம் செழித்திருந்தபோதிலும், திருப்பலியின் மொழியாகத் தமிழ் அமையவில்லை.

1903-இல் விதிக்கப்பட்ட தடைகள்

வழிபாட்டு இசை குறித்த சர்ச்சை புதிதன்று. இத்தாலிய ஆலயங்களில் ஓபரா பாணி இசை பெருகியதைக் கண்ட திருத்தந்தை பத்தாம் பயஸ், 1903 நவம்பர் 22 அன்று ஓர் ஆணை பிறப்பித்தார. கிரகோரியன் இசையே உயரிய முன்மாதிரி என்று அதில் அறிவித்தார். ஆலயத்தில் பியானோவுக்கும், முரசு, கைத்தாளம் போன்ற ஓசைமிக்க கருவிகளுக்கும் தடை விதித்தார். பாடகர் குழுவில் பெண்கள் இடம்பெறுவதையும் அந்த ஆணை ஏற்கவில்லை. இவ்விதியை 1955-இல் பன்னிரண்டாம் பயஸ் நிபந்தனைகளுடன் தளர்த்தினார். இன்று பல பங்குகளில் பெண்களே பாடகர் குழுவை வழிநடத்துகின்றனர் என்பதை நோக்கினால், மாற்றத்தின் அளவு புலப்படும்.

அன்று ஓபராவைப் பற்றி எழுந்த கேள்வியே இன்று திரையிசைச் சாயல் கொண்ட மெட்டுகளைப் பற்றியும் எழுகிறது: கேட்பவரின் மனம் இறைவேண்டலுக்குச் செல்கிறதா, அரங்கத்துக்குச் செல்கிறதா?

சங்கம் திறந்த கதவு

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கை விளக்கம், தாய்மொழி வழிபாட்டுக்கு வழிவகுத்தது. ஆயினும் அந்த ஏடு ஒரு தரப்புக்கு மட்டும் சாதகமானதன்று. கிரகோரியன் இசைக்கு முதலிடம் உண்டு என்றும், குழல் ஆர்கன் பெரிதும் போற்றப்பட வேண்டும் என்றும் அது கூறுகிறது. அதே வேளையில், மறைபரப்பு நாடுகளின் சொந்த இசை மரபுகளுக்கு உரிய இடம் அளிக்கவும், பொருத்தமான பிற கருவிகளை அதிகாரம் உடையோரின் இசைவுடன் பயன்படுத்தவும் அது அனுமதிக்கிறது. ஆகவே, மரபை விரும்புவோரும் மாற்றத்தை விரும்புவோரும் ஒரே ஏட்டையே சான்றாகக் காட்ட முடிகிறது.

இந்தியாவில் 1967-இல் பெங்களூருவில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையம் தொடங்கப்பட்டது. அருட்பணி டி.எஸ்.அமலோற்பவதாஸ் தலைமையில் பண்பாட்டுமயமாக்கப் பணிகள் அங்கு முன்னெடுக்கப்பட்டன. தரையில் அமர்தல், கைகூப்பி வணங்குதல், எண்ணெய் விளக்கு, ஆரத்தி உள்ளிட்ட 12 தழுவல்களுக்கு 1969-இல் ரோம் ஒப்புதல் வழங்கியது. பஜனைப் பாணிப் பாடல்களும் பரவின. இவை இந்து சமய வழக்கங்கள் என்று ஒரு பிரிவினர் எதிர்த்தனர். மண்ணின் பண்பாட்டில் இறைவனைப் போற்றுவதே முறை என்று மற்றொரு பிரிவினர் வாதிட்டனர்.

பறைக்கு இடம் உண்டா?

"இந்திய இசை" என்றால் எது என்பதும் கேள்விக்குள்ளானது. கர்நாடக இசை சார்ந்த பாடல்கள் எளிதில் ஏற்கப்பட்ட நிலையில், சாவு வீட்டுடனும் தலித் மக்களுடனும் தொடர்புபடுத்தப்பட்ட பறைக்கு அத்தகைய ஏற்பு கிட்டவில்லை. மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய, 'பரட்டை' என அறியப்பட்ட தியோபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற இசையில் வழிபாட்டுப் பாடல்களை உருவாக்கி இந்த மனநிலையைக் கேள்விக்குள்ளாக்கினார். அவர் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர் எனினும், அவர் எழுப்பிய கேள்வி கத்தோலிக்கருக்கும் பொருந்தும். ஓர் இசைக்கருவி ஆலயத்துக்கு ஏற்றதன்று எனக் கூறும்போது, அதை இசைக்கும் மக்களும் அதில் அடங்குகின்றனரா என்பதே அக்கேள்வி.

முடிவு செய்வது யார்?

திருவழிபாட்டை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் திருத்தந்தைக்கும், சட்ட வரையறைக்குட்பட்டு ஆயர்களுக்கும் ஆயர் பேரவைகளுக்கும் உண்டு. பங்கு அளவில் பங்குத்தந்தையும் பாடகர் குழுவும் பாடல்களைத் தேர்வு செய்கின்றனர். தனிப்பட்ட ரசனைக்கு அப்பாற்பட்ட சில அளவுகோல்கள் பின்வருமாறு:

* பாடல் வரிகள் கத்தோலிக்கப் போதனைக்கு இசைந்தவையாகவும், முக்கியமாகத் திருவிவிலியத்திலிருந்தும் திருவழிபாட்டு நூல்களிலிருந்தும் பெறப்பட்டவையாகவும் இருத்தல் வேண்டும்.
* திருப்பலியின் நிலையான பகுதிகளான 'தூயவர்', 'இறைவனின் செம்மறி' போன்றவற்றுக்குப் பதிலாக வேறு பாடல்களைப் பாடுதல் கூடாது.
* தவக்காலத்தில் பாடலுக்குத் துணையாக மட்டுமே கருவிகளை இசைக்கலாம். நான்காம் ஞாயிறும், பெருவிழாக்களும், விழாக்களும் இதற்கு விதிவிலக்கு.
* இறைமக்கள் முழுமையாகப் பங்கேற்க இசை துணைபுரிய வேண்டும். பாடகர் குழு மட்டுமே பாட, மக்கள் என்றும் வெறும் பார்வையாளராக இருத்தல் ஏற்புடையதன்று.

கடைசி அளவுகோல் இரு தரப்பினருக்கும் பொருந்தும். மக்களால் தொடர இயலாத லத்தீன் இசையும், நுணுக்கமான கர்நாடகக் கீர்த்தனையும், மின்னணுத் தாளத்தில் விரையும் பாடலும் மக்களின் குரலை அடக்கிவிடக்கூடும்.

சொந்த ஊரை விட்டு வந்த குடும்பங்களுக்கு இது மேலும் முக்கியமானது. தெலுங்கும் ஆங்கிலமும் மேலோங்கிய நகரில், தாத்தா பாட்டியிடம் கற்ற தமிழ்ப் பாடல் அடுத்த தலைமுறைக்குச் சென்றடையும் இடங்களில் ஆலயமும் ஒன்று. தமிழ்த் திருப்பலிக்கான நேரம் குறையுமானால், பழைய பாடல், புதிய பாடல் என்ற விவாதத்துக்கு முன்பாகவே அந்தப் பாடல்களை அறிந்தவர்கள் குறைந்துவிடுவர். ஒரே திருப்பலியில் வருகைப் பாடலை முதியவர்கள் அறிந்த மெட்டிலும், திருவிருந்துப் பாடலை இளையோர் விரும்பும் மெட்டிலும் அமைத்துக்கொள்ள விதிகளில் இடமுண்டு. அதற்குப் பாடகர் குழுவில் இரு தலைமுறையினரும் இடம்பெறுவது அவசியமாகிறது.