தகவல் துளி: ஜானிஸ் ஜோப்ளினின் முதலிடம்

ஆண்கள் கோலோச்சிய 1960களின் ராக் இசையில் கொடிகட்டிப் பறந்தவர் அமெரிக்கப் பாடகி ஜானிஸ் ஜோப்ளின். அவர் பாடிய ஸ்டூடியோ ஆல்பங்கள் நான்கே. அவற்றைத் தரவரிசைப்படுத்தினால், முதலிடத்துக்குப் போட்டி இரண்டுக்குள்தான். ஒன்று, 1968இல் வந்த 'சீப் திரில்ஸ்'. மேடைக் கச்சேரியின் ஆவேசம் அதில் அப்படியே இருக்கும். மற்றது 'பேர்ல்'. 1970 அக்டோபர் 4இல், 27 வயதில் ஜானிஸ் மறைந்தபோது அதன் பதிவு முடியவில்லை. ஒரு பாட்டுக்கு வாத்திய இசை மட்டும் தயாராக இருந்தது; குரல் இல்லாமலே அது ஆல்பத்தில் சேர்ந்தது. 1971 ஜனவரியில் வெளியான 'பேர்ல்', அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 9 வாரங்கள் முதலிடம் வகித்தது. ஆவேசத்தோடு பக்குவமும் கூடிய குரல் அதில்தான். ஆகவே, நமது ஓட்டு 'பேர்ல்' ஆல்பத்துக்கே!