உங்களுக்குத் தெரியுமா? இரு மொழிச் சிப்பாய்கள்

இந்திய – இலங்கை இராணுவங்களின் ஆறாவது ‘மித்ர சக்தி’ கூட்டுப் பயிற்சி நடந்தது நம் பதுளை மாவட்டத்துத் தியத்தலாவையில். 2019 மார்ச் 26 முதல் ஏப்ரல் 8 வரை. இந்தியாவிலிருந்து பிகார் ரெஜிமென்ட் வந்தது. இங்கிருந்து கெமுனு ஹேவா படையணி கலந்துகொண்டது. இப்படிப்பட்ட பயிற்சிகளில் அதிகாரிகள் ஆங்கிலத்தில் பேசிச் சமாளித்துவிடுவார்கள். சிப்பாய்களின் பாடு அப்படியல்ல. ஒருவருக்கு இந்தி, பக்கத்தில் குப்புறப் படுத்திருப்பவருக்குச் சிங்களம். வீடொன்றைச் சுற்றிவளைத்து உள்ளே நுழையும் நேரத்தில் ‘சுடாதே, உள்ளே நம்மாள்’ என்பது ஒரு நொடி பிந்தினாலும் உயிராபத்து. மொழி மட்டும் தெரிந்த ஒருவரால் அங்கே ஈடுகொடுக்க முடியாது. துப்பாக்கியும் வரைபடமும் வானொலிக் கருவியும் பழகிய, இரு மொழியும் தெரிந்த சிப்பாய்தான் வேண்டும்.

இந்திய இராணுவம் இதற்கென்றே ஆள் பயிற்றுகிறது. மத்தியப் பிரதேசத்துப் பச்மரியில் உள்ள இராணுவக் கல்விப் படைக் கல்லூரியில் அந்நிய மொழிகளுக்குத் தனித் துறை உண்டு.

பல மொழி பேசும் சிப்பாய்கள் நம் ஊருக்குப் புதியவர்கள் அல்லர். பதுளையில் இன்றும் வாழும் மலாய்க் குடும்பங்கள் பலவற்றின் முன்னோர் ‘சிலோன் ரைபிள் ரெஜிமென்ட்’ சிப்பாய்கள். 1873இல் கலைக்கப்பட்ட அந்தப் படையில் மலாய்க்காரரே அதிகம். வீட்டில் பேசிய மலாயுடன் ஆங்கிலம், தமிழ், சிங்களம் என்றும் புழங்கியவர்கள். சிங்கப்பூருக்கும் ஹொங்கொங்குக்கும்கூட இப்படைப் பிரிவுகள் போயின. இதே மலாய்ச் சமூகத்தைச் சேர்ந்த பாபா யூனுஸ் சல்தீன் 1869இல் கொழும்பில் தொடங்கிய ‘அலாமத் லங்காபுரி’ என்ற மலாய்ப் பத்திரிகை அரபு எழுத்தில் வந்தது. இந்தச் சிப்பாய்கள் வரலாற்றில் வெறும் கூலிப்படையாகவே எழுதப்படுவது எனக்கு வருத்தம் தருகிறது.

 

மொழி தெரிந்த சிப்பாய்கள் குறைவாக இருந்தால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். 1987 ஜூலை முதல் 1990 மார்ச் வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படையில் பெரும்பாலோருக்குத் தமிழ் தெரியாது. சோதனைச் சாவடியில் மக்கள் சொன்னது புரிந்தவர்கள் தமிழறிந்த சிப்பாய்கள் மட்டுமே. அத்தகையவர்கள் இன்னும் அதிகம் இருந்திருந்தால் எத்தனை பேரின் தடுமாற்றம் குறைந்திருக்கும்!

பசறை, லுணுகலைத் தேயிலைத் தோட்டங்களிலும் மொனராகலை இறப்பர் தோட்டங்களிலும் நம் பிள்ளைகள் லயத்தில் தமிழும் கடைத்தெருவில் சிங்களமும் பேசியே வளர்கிறார்கள். வகுப்பில் வராத சரளம் அது. உரைபெயர்ப்பாளர் வேலைக்கு ஆள் தேடுபவர்கள் முதலில் வரவேண்டிய இடம் இந்த மலைகள்தான்.

எதிரியைக் கைதுசெய்த பிறகும் மொழி தெரிந்த சிப்பாய் வேண்டும். 1949ஆம் ஆண்டின் மூன்றாவது ஜெனீவா உடன்படிக்கையின் 41ஆம் பிரிவு சொல்வது இது: போர்க் கைதிக்கு இடும் எந்தக் கட்டளையும் அவருக்கு விளங்கும் மொழியில்தான் இருக்கவேண்டும்.