குடிகாரன் பாட்டும் குழந்தைப் பாட்டும்

பெங்களூரில் கன்னடப் பள்ளிக்குப் போகும் குழந்தைகளைக் கேட்டுப் பாருங்கள். நாய்க்குட்டிப் பாட்டு ஒன்று பாடுவார்கள். தகர ஊதல் பாட்டும் பாடுவார்கள். தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இவை தெரியும்.

இந்தப் பாட்டுகளை எழுதியவர் ஜி. பி. ராஜரத்னம். ராமநகரத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயை இழந்தார். பாட்டிதான் வளர்த்தார்.

ராஜரத்னத்தின் அப்பா ஆசிரியர். அப்பாவுக்குப் பதிலாக அவர் சில காலம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். பாடப் புத்தகத்தில் இருந்த பாட்டுகள் அவருக்குப் பிடிக்கவில்லை. தாமே எழுதத் தொடங்கினார். தகர ஊதல் பாட்டு அப்படிப்பட்டதுதான். ஒரு பையன் காசு கொடுத்து ஊதல் வாங்குகிறான். யாரிடமும் இல்லாதது என்று பெருமை அடிக்கிறான். ஊதல் தண்ணீரில் விழுகிறது. அப்புறம் சத்தம் சரியாக வரவில்லை. அவ்வளவுதான் கதை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

1931-ல் ராஜரத்னம் கன்னடத்தில் எம்.ஏ. முடித்தார். படித்தும் வேலை கிடைக்கவில்லை. ஹைதராபாத் வரை போனார். வெறுங்கையோடு திரும்பினார். 1938-ல்தான் கல்லூரியில் கன்னட ஆசிரியர் ஆனார்.

அவருக்குப் பெரும் புகழ் தந்தது வேறொரு புத்தகம். அதன் பெயர் 'ரத்னன பதகளு'. ரத்னனின் பாட்டுகள் என்று பொருள். ரத்னன் ஒரு குடிகாரன். கள் குடித்துவிட்டுப் பாடுகிறான். மனைவி நஞ்சி மீது அவனுக்கு உயிர். கன்னடத்தின் மீது அதைவிட உயிர். கடவுளே வந்து கேட்டாலும் கள்ளை விடுவான், கன்னடத்தை விடமாட்டான். இதை எழுதிய ராஜரத்னம் குடிப்பழக்கம் இல்லாதவர்!

ரத்னன் பேசுவது படித்தவர்களின் கன்னடம் அல்ல. தெருவில் பேசும் கன்னடம். நாம் 'வாழைப்பழம்' என்று எழுதுகிறோம். பேச்சில் பலர் 'வாயப்பயம்' என்கிறார்கள். அதை அப்படியே அச்சில் போட்டால் எப்படி இருக்கும்? ராஜரத்னம் அதைத்தான் செய்தார். கல்லூரியில் இலக்கணக் கன்னடம் சொல்லித் தருகிறவருக்கு இது துணிச்சலான காரியம்தான்.

அவர் பாலி மொழியும் கற்றார். புத்தரைப் பற்றியும் சமண சமயம் பற்றியும் எழுதினார். மாணவர்களையும் எழுதத் தூண்டினார்.

1978-ல் டில்லியில் கன்னட இலக்கிய மாநாடு நடந்தது. அவரே தலைவர். அடுத்த ஆண்டு, 1979 மார்ச் 13-ல் காலமானார்.

ரத்னனின் பாட்டுகளுக்கு மைசூர் அனந்தசாமி இசை அமைத்துப் பாடினார். எழுத்தே தெரியாதவர்களும் அவற்றைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டார்கள்.