20 ஆண்டு கழித்துத் திரும்பி வந்த குதிரைகள்!

நைனார்பாளையம் பக்கம் கட்டிட வேலைக்கு வந்திருக்கும் வங்காள இளைஞர் யாரையாவது கண்டால், "மொஹீனேர் கோராகுலி தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள்.

சாந்துச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று திருப்பிக் கேட்டாலும் கேட்பார்!

அது ஊரின் பெயர் அல்ல. பலகாரத்தின் பெயரும் அல்ல. ஒரு பாட்டுக் கோஷ்டியின் பெயர். "மொஹீனின் குதிரைகள்" என்று அர்த்தம். ஜீவனானந்த தாஸ் என்ற வங்கக் கவிஞரின் கவிதையில் இருந்து எடுத்த பெயர் இது.

இன்று அந்தக் கோஷ்டிக்கு வங்காளத்தில் பெரும் புகழ். ஆனால் அவர்கள் பாடிய காலத்தில்? சீந்துவார் இல்லை!

சிறைக்குப் போன பாடகர்

கோஷ்டியின் தலைவர் கவுதம் சட்டோபாத்யாய். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் படித்தவர். கிதார் வாசிப்பார். சாக்சபோன் ஊதுவார். நக்சல் இயக்கத்தில் சேர்ந்ததால் சிறைக்குப் போனார். விடுதலையாகி, சில காலம் வெளி மாநிலத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பினார்.

உடன்பிறந்தவர்கள், உறவினர், நண்பர்கள் என்று 7 பேர் சேர்ந்தார்கள். 1975-ம் ஆண்டு வாக்கில் கோஷ்டி உருவாயிற்று. (கோஷ்டி என்றதும் கல்யாண ஊர்வலத்துப் பாண்டு வாத்தியத்தை நினைத்துவிடாதீர்கள்!)

கூத்து மெட்டுக்கு சாக்சபோன்

வங்காளத்தில் பாவுல் என்ற நாடோடிப் பாடகர்கள் உண்டு. ஒற்றைத் தந்தி கட்டிய ஏக்தாராவை மீட்டியபடி ஊர் ஊராகப் பாடிச் செல்வார்கள். அந்தக் கிராமத்து மெட்டை இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதோடு கிதார், வயலின், சாக்சபோன், டிரம் எல்லாவற்றையும் சேர்த்தார்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜாஸ் இசையும் கலந்தது.

நம் தெருக்கூத்தில் முகவீணைக்குப் பதிலாக சாக்சபோன் ஊதினால் எப்படி இருக்கும்? அப்படி!

பாட்டின் விஷயமும் புதிது. நகரத்து நெரிசல், தனிமை, ஏழ்மை, அரசியல். இங்கிலாந்தில் அப்போதுதான் "பங்க்" என்ற முரட்டுப் பாட்டு கிளம்பியிருந்தது. அதன் பின்னால் வந்த "போஸ்ட் பங்க்" கோஷ்டிகள் எதையும் எதோடும் கலந்து பார்த்தன. அதற்குக் காத்திராமல் கல்கத்தாவில் இவர்கள் கலந்துவிட்டார்கள்!

1977, 1978, 1979 ஆகிய ஆண்டுகளில் 3 இசைத்தட்டுகள் வெளிவந்தன. முதல் தட்டின் பெயர், "கலங்கிய பறவைகளும் கல்கத்தா பற்றியும்". இரண்டாவதற்குப் பறக்கும் தட்டின் பெயர்! சினிமாப் பாட்டும் தாகூர் பாட்டும் கேட்டுப் பழகிய ஜனங்கள் திகைத்தார்கள். பலர் கேலி செய்தார்கள்.

1981-ல் கோஷ்டி கலைந்தது. ஒருவர் பெங்களூர் போனார். ஒருவர் அமெரிக்கா போனார். கவுதம் சினிமா டைரக்டர் ஆனார். அவருடைய "நாக்மோதி" படத்துக்கு 1983-ம் ஆண்டுக்கான தேசிய விருது கிடைத்தது.

பாட்டுகள்? மறந்தே போயின.

பிள்ளைகள் கையில்

1995-ல் கல்கத்தா புத்தகக் கண்காட்சியில் ஒரு கேசட் வெளிவந்தது. "மீண்டும் இருபது ஆண்டுக்குப் பின்" என்று பெயர்.

கவுதம் நினைத்திருந்தால் பழைய ஆட்களையே கூட்டிப் பாடியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. இளைஞர்களை அழைத்தார். பழைய பாட்டோடு அவர்கள் கட்டிய புதுப்பாட்டையும் சேர்த்துப் பாடவைத்தார். பழைய தட்டுகளில் இருந்த முரட்டுத்தனம் இதில் குறைவு. கிதார் மெல்ல ஒலிக்கிறது. என் காதுக்குப் பழையதுதான் ஒரு படி மேல். ஆனால், வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கேட்கப் புதியதே சுகம்.

கேசட் பிடித்துக்கொண்டது! 1996-ல் இருந்து மேலும் மூன்று வந்தன.

2006-ல் "கேங்ஸ்டர்" என்ற இந்திப் படம் வந்தது. அதில் வரும் "பீகி பீகி" பாட்டின் மெட்டு, 1995 கேசட்டில் உள்ள ஒரு பாட்டின் மெட்டு. தொலைக்காட்சி வந்து மனிதரை மனிதரிடம் இருந்து பிரித்துவிட்டதைச் சொல்லும் பாட்டு அது. இந்திக்காரர்கள் அதைக் காதல் பாட்டாக்கிவிட்டார்கள்!

அதைக் கேட்கக் கவுதம் இல்லை. 1999 ஜூன் 20-ந் தேதி காலமாகிவிட்டார்.

முதல் 7 பேரில் ஒருவரான தாபஸ் தாஸ், புற்றுநோயால் 2023 ஜூன் 25-ந் தேதி இறந்தார். அவருடைய சிகிச்சைக்காகப் பாடகர்கள் கச்சேரி நடத்திப் பணம் திரட்டினார்கள். முதல் இசைத்தட்டு வந்தபோது அவர்களில் பலர் பிறந்திருக்கவே இல்லை.